விட்டுப்போன ஆறுதலைக் களாச் செய்வோம்

(நம் சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டி, 2023இல் புக்கிட் பாத்தோக்கில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



  

செயலாளர் மாமா எனக்குப் போன் செய்து, "தம்பி, பொன்விழா வருஷம். ஒன்றுகூடலில் நீ பேசணும்" என்றார்கள். வியாபாரத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சரி என்றேன். "வியாபாரம் இல்லப்பா. கொவிட் நேரத்துல அத்தாவை இழந்தியே, அதைப் பத்திப் பேசு" என்றார்கள். உடனே என் வாயில் பதில் வரவில்லை. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா படித்துவிட்டு, அத்தா நடத்திய மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். மார்க்கம் படித்தவனும் இல்லை. நான் சொல்வதில் பிழை இருந்தால் ஹஜ்ரத் அவர்கள் திருத்த வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி நம் அரசாங்கம் நோய்ப் பரவல் எச்சரிக்கை நிலையைப் பச்சை நிறத்துக்கு இறக்கியது. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி ஆரஞ்சு நிறத்துக்கு ஏற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று மாலை என் கடையில் அரிசியும் மேகி மீயும் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோயின. மூன்று ஆண்டு கழித்துப் பச்சை வந்தது. மே 5ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனமும் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. முகக்கவசம் போய்விட்டது. பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

ஆனால் நம் வீடுகளில் சிலருடைய மனத்தில் இன்னொரு பச்சை இருக்கிறது. அது பச்சைப் புண்ணின் பச்சை. அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நம் மக்களுக்கு மௌத்து புதிதல்ல. மௌத்து செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் ஜனாஸா வேலைக்கு ஓடுவார். ஒருவர் போன் போட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொல்வார். பெண்கள் அந்த வீட்டு அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வரும். மூன்று நாள் வீடு நிறைய ஆள் இருக்கும். யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். அதே கதையை முப்பது தடவை சொல்வோம். முப்பதாவது தடவை சொல்லும்போது, இறந்துவிட்டார்கள் என்பதை நம் மனமே ஒப்புக்கொண்டிருக்கும்.

மூத்தா நகரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று படித்திருக்கிறோம். துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமைக்கக் கை வராது என்பதை அறிந்து சொன்ன வார்த்தை அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நாம் காப்பாற்றி வந்த அந்த வழக்கத்தைத்தான் கொவிட் நம் கையிலிருந்து பிடுங்கியது. சிங்கப்பூரில் கொவிட்டால் இறந்தவர்கள் 1,700 பேருக்கு மேல். ஆனால் அந்த ஆண்டுகளில் வேறு நோயால், முதுமையால் இறந்தவர்களின் குடும்பங்களும் துக்கத்தை முழுதாக அனுஷ்டிக்கவில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு எங்கோ போய்விடும்.

என் பெரியம்மா 2020 ஏப்ரலில் வஃபாத் ஆனார்கள். கொவிட் இல்லை, வயது. அப்போது சர்க்கிட் பிரேக்கர் நேரம். ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கி ஜூன் 1ஆம் தேதி வரை நீடித்தது. ஜனாஸாவில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் ஏழு பேர், பேரன் பேத்திகள் இருபதுக்கு மேல். பத்துப் பேரை எப்படிப் பொறுக்குவது? கூடத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் பெயர் எழுதினார்கள். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்கள். பெரியம்மா தூக்கி வளர்த்த பேரன் பட்டியலில் வரவில்லை. சுவா சூ காங்கில் மையத்தை அடக்கும்போது அவன் புளோக்குக்குக் கீழே காரில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனிடம் நாங்கள் யாரும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. சட்டம் அப்படி, நாம் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட்டோம். சட்டத்தின் மேல் குறையில்லை. அது உயிரைக் காப்பாற்றப் போட்ட சட்டம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அத்தா முப்பது ஆண்டுக்கு மேல் இங்கே கடை நடத்தியவர்கள். உங்களில் பலருக்கு அவர்களைத் தெரியும். கடையை என்னிடம் கொடுத்துவிட்டு, தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊரில் அம்மாவோடு போய்த் தங்கினார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை இங்கே வருவார்கள். 2020 மார்ச்சில் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. "ரெண்டு மாசத்துல திறந்துருவான், நான் வந்துருவேன்" என்றார்கள். திறக்கவில்லை.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் இரண்டாம் அலை. அந்த நோன்புப் பெருநாளுக்கு வீடியோவில் பேசினோம். அத்தாவுக்கு லேசான இருமல். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கவே ஒரு நாள். மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. இரண்டு அலைகளிலும் அதற்கு முன் அவ்வளவு எண்ணிக்கை வந்ததில்லை. மறுநாள் காலை அத்தா வஃபாத். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நான் போயிருக்கலாமா? இந்தக் கேள்வியோடு ஒரு வருஷம் தூங்கி எழுந்தேன். விமானம் குறைவு, கிடைத்தாலும் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். திரும்பி வந்தால் 21 நாள் தனிமை. வீட்டில் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. இப்படிக் காரணங்களைக் கோத்துக்கொண்டே போவேன். கடைசியில் மனம் ஒன்றே ஒன்று சொல்லும்: "நீ மூத்த மகன். நீ போகலை."

அன்று கடையை மூடவில்லை. மூடி என்ன செய்வது என்று தெரியவில்லை. அடக்கத்தை ஊரில் ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினார். நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட நான்கு பேர், ஒரு பை, அப்புறம் திரை நின்றுவிட்டது. அதே நேரத்தில் ஒருவர் முட்டை கேட்டார். எடுத்துக் கொடுத்துச் சில்லறையும் சரியாகக் கொடுத்தேன்.

அப்போது சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு இறுகியிருந்தது. மே 16ஆம் தேதியிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு விருந்தாளிகள்தான். முதல் நாள் சச்சாவும் சச்சியும் வந்தார்கள். இரண்டாம் நாள் மனைவியின் அண்ணன் வந்தார். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. ஏன் தெரியுமா? இரண்டு பேருக்குத்தானே அனுமதி, நெருங்கிய சொந்தம் யாராவது வருவார்கள், நாம் போய் இடத்தை அடைக்கக்கூடாது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். எல்லாரும் மரியாதையாக விலகி நின்றதில் அந்த வீட்டுக்கு யாருமே வரவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் மற்ற வீடுகளுக்கு அதையேதான் செய்திருக்கிறேன்.

அன்று மாலை கதவைத் திறந்தபோது கிரில் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே ஆறு ஆரஞ்சுப் பழம். நாலாம் மாடியில் தனியாக இருக்கும் சீனப் பாட்டி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அத்தா கடையில் இருந்த காலத்தில் தினமும் அவருக்கு ஒரு ரொட்டி எடுத்து வைப்பார்கள்.

பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். "மாஷா அல்லாஹ், நல்ல ஸப்ரு உள்ள பையன்" என்று பாராட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஜூலையில் மகன் பிறந்தான். அத்தா பெயரையே வைத்தோம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி என்னால் அவனைக் கூப்பிட முடியவில்லை. "டேய், தம்பி" என்றுதான் கூப்பிடுவேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும். சின்ன விஷயத்துக்கு மனைவியிடம் கத்துவேன். அர்ரவ்தா பள்ளியில் ஜும்ஆவுக்கு இணையத்தில் இடம் பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அத்தா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒன்பது வினாடி. கடையில் கூட்டமாக இருந்ததால் அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். அப்புறம் கேட்கத் துணிவு வரவில்லை. கேட்காத செய்திக்குப் பக்கத்தில் வாட்ஸ்அப்பில் பச்சை நிறத்தில் ஒரு மைக் படம் இருக்கும். ஒரு வருஷம் அது பச்சையாகவே இருந்தது.

நான் படித்த படிப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன். பழைய டிவியைப் பழுது பார்க்கும்போது ஆசிரியர் எங்களுக்கு முதலில் சொன்ன பாடம் இதுதான்: சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டோம் என்று நம்பிக் கை வைக்காதே. உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இறக்க வேண்டும். மெதுவாக, ஒரு வழி வைத்து. துக்கமும் அப்படித்தான் என்று எனக்குப் பிறகு தோன்றியது. நாங்கள் சுவிட்சை அணைத்துவிட்டோம். உள்ளே தேங்கியதை இறக்க யாரும் வழி வைக்கவில்லை. அந்த மூன்று நாள் கூட்டமும், சோறும், "கடைசியா என்ன சொன்னாங்க" என்ற கேள்வியும்தான் நம் பெரியவர்கள் வைத்த ரெசிஸ்டர்.

ஸப்ரு என்ற சொல்லை நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோமோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அழகிய பொறுமை என்றாலே நமக்கு நினைவு வருவது நபி யாகூப் (அலை) அவர்கள். அவர்கள்தான் மகன் யூஸுஃபை நினைத்து அழுதழுது கண்பார்வையை இழந்தவர்கள். நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அவர்கள் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பார்த்த தோழர் வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்று விளக்கினார்கள். ஓலமிட்டு, சட்டையைக் கிழித்து, அல்லாஹ்வின் விதியைத் திட்டுவதைத்தான் மார்க்கம் தடுத்தது. கண்ணீரைத் தடுக்கவில்லை. அழாத பையனைப் பார்த்து "நல்ல ஸப்ரு" என்று பாராட்டும்போது, அழுகிற பையனுக்கு நாம் என்ன சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

2022 மார்ச் 27ஆம் தேதி இந்தியா வழக்கமான விமானங்களைத் திறந்தது. ஏப்ரலில் சிங்கப்பூரும் திறந்தது. மே மாதம், அத்தா இறந்து ஒரு வருஷம் ஆன நேரத்தில், குடும்பத்தோடு திருச்சியில் இறங்கி ஊருக்குப் போனேன்.

கபுருஸ்தானில் அத்தாவின் மீசான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதும் அழுகை வரவில்லை. துஆ ஓதிவிட்டுத் திரும்பும்போது வாசலில் ஓர் இளைஞன் நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். எனக்கு அவன் முகம் தெரியவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு, "அண்ணே, அத்தாவ நாங்கதாண்ணே இறக்குனோம்" என்றான்.

பிறகு சொல்லத் தொடங்கினான். அன்று கோடை மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. நான்கு பேரும் அந்த உடுப்போடு வாளியால் இறைத்திருக்கிறார்கள். குளிப்பாட்ட அனுமதி இல்லாததால் பைக்கு மேலேயே தயம்மும் செய்தார்கள். ஒன்பது பேர் இரண்டு வரிசையாக நின்று ஜனாஸா தொழுதார்கள். கிப்லாவை நோக்கிச் சரியாகப் படுக்க வைத்தார்கள். ஒருவன் தலைமாட்டில் நின்று துஆ ஓதினான். "அவசர அவசரமா போடலண்ணே. உங்க அத்தா எனக்குச் சின்னப் பிள்ளையில சிங்கப்பூர் பேனா குடுத்திருக்காங்க. பாத்துத்தான் வச்சோம்" என்றான்.

ஒரு வருஷமாக என் மனத்தில் ஓடியது அந்த நின்றுபோன வீடியோ. அனாதையைப் போட்ட மாதிரி போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் அத்தா எப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையைக் கபுருஸ்தான் வாசலில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

அந்த நாட்களில் தமிழ்நாட்டில் தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்களும், எந்த அமைப்பிலும் இல்லாத ஜமாஅத் பிள்ளைகளும் எல்லா மதத்தவரின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. எனக்கு முகம் தெரியாத அந்தத் தம்பி என் அத்தாவுக்குச் செய்தது ஓர் உதவி. ஒரு வருஷம் கழித்து எனக்கு வந்து சொன்னது இரண்டாவது உதவி. இரண்டாவதை அவன் செய்யாமல் விட்டிருந்தால் முதலாவது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அன்று இரவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குரல் செய்தியைத் திறந்தேன். ஏதோ பெரிய வஸிய்யத்து இருக்கும் என்று பயந்திருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு அத்தா கேட்டது இவ்வளவுதான்: "நாலாம் மாடிப் பாட்டிக்கு ரொட்டி எடுத்து வச்சியா? மறந்துறாத." அம்மா சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும்தான். மறுநாள் காலையில் என் மகனை அத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

சிங்கப்பூர் திரும்பிய பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

கொவிட்டுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கடைக்கு வருகிற ஒரு தம்பி உண்டு. புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை, ஜூரோங் பக்கம் விடுதி. நம் மதத்தவர் இல்லை. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு விடுதிகளில் இருந்த ஏறக்குறைய 20,000 ஊழியர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அடுத்தடுத்து எல்லா விடுதிகளும் மூடப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த கணக்குப்படி, விடுதிகளில் இருந்த 323,000 பேரில் ஏறத்தாழ 152,000 பேருக்குத் தொற்று வந்திருந்தது. நூற்றுக்கு 47 பேர். பெரும்பாலும் இளவயது என்பதால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆனால் பூட்டிய விடுதிக்குள் இருந்துகொண்டு ஊரில் தாயை, தகப்பனை இழந்தவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அந்தத் தம்பியின் தகப்பனார் 2020இல் ஊரில் இறந்துபோனார். எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான். நான் அனுப்பிய பதில் ஒரே வரி: "தைரியமா இருங்க தம்பி." கூடவே பத்து வெள்ளி டாப்-அப் போட்டுவிட்டேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

2022 நடுவில் கட்டுப்பாடு தளர்ந்து கடைக்கு வந்தான். ஊரில் அந்த இளைஞனைச் சந்தித்து நான் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. முன்பாக இருந்தால் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டு அனுப்பியிருப்பேன். அன்று ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி, "தம்பி, அன்னிக்கு நான் சரியா விசாரிக்கல. அப்பா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டேன். அவன் திகைத்துப் போனான். அப்புறம் பேசினான். அப்பா கிணறு வெட்டுகிறவர், கோபக்காரர், மகன் சிங்கப்பூர் போன அன்று மட்டும் பஸ் ஸ்டாண்டில் அழுதவர். முக்கால் மணி நேரம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். எழுந்து போகும்போது, "அண்ணே, ரெண்டு வருஷத்துல யாரும் இதைக் கேக்கலண்ணே" என்றான்.

சகோதரர்களே, நேரத்தில் தொழ முடியாமல் ஒரு தொழுகை தவறிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நேரம் போய்விட்டது, இனி என்ன என்று விட்டுவிடுகிறோமா? இல்லை. களாச் செய்கிறோம். இந்த மூன்று ஆண்டில் நம்மிடமிருந்து தவறிப்போனது ஆறுதல் சொல்லும் கடமை. தஃஸியத்து மூன்று நாள்தானே என்று கேட்பீர்கள். இமாம் நவவி (ரஹ்) போன்ற பெரியவர்கள் மூன்று நாள் என்று சொல்லிவிட்டு, ஊரில் இல்லாமல் போனவருக்கு விதிவிலக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்று ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று ஆண்டும் நாம் அனைவருமே ஒருவருக்கொருவர் ஊரில் இல்லாதவர்களாகத்தான் இருந்தோம். அடுத்த புளோக்கில் இருந்துகொண்டே ஊரில் இல்லாதவர்களாக இருந்தோம்.

இந்த நாட்டில் இடப் பற்றாக்குறையால் கபுருக்கே 15 ஆண்டுதான் தவணை. அதற்குப் பிறகு எடுத்து வேறு இடத்தில் சேர்த்து அடக்குகிறார்கள். அந்தப் பதினைந்து ஆண்டில் மூன்றைக்கூட நாம் துக்கத்துக்குக் கொடுக்காமல் "இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே?" என்று கேட்கலாமா?

எனவே மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, அந்தக் காலத்தில் யாருடைய ஜனாஸாவிலாவது நீங்கள் நின்றிருந்தால், ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்திருந்தால், கடைசியாகப் போனில் பேசியிருந்தால், வர முடியாமல் போன அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள். "நான் இருந்தேன், இப்படி நடந்தது" என்று சொல்லுங்கள். உங்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கும். அவர்களுக்கு நின்றுபோன வீடியோவின் மிச்சம் அதுதான். ஊரில் இருந்து வந்த நான், பெரியம்மாவின் பேரனைக் கூப்பிட்டு, சுவா சூ காங்கில் அன்று நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பிறகு இருவரும் சேர்ந்து கபுருக்குப் போய் வந்தோம்.

இரண்டு, சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் கேளுங்கள். "ஸப்ரு செய்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அல்லாஹ் நாடியது" என்று முடித்துவிடாதீர்கள். அவை உண்மைதான், ஆனால் முதல் வார்த்தையாக வரும்போது கதவைச் சாத்திவிடுகின்றன. இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். "அவங்களைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

மூன்று, இதையும் தாண்டிய துக்கம் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் தினமும் அதே ஏக்கம், தூக்கமில்லை, வேலை பார்க்க முடியவில்லை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால், அது ஈமான் குறைவு அல்ல. 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் நீடித்த துக்கத்தை ஒரு நோயாகவே சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரைக்குப் பாலிகிளினிக் போகிறோம், இதற்கும் போகலாம். நடுராத்திரியில் மனம் தாங்காவிட்டால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள். "பைத்தியம்னு சொல்லுவாங்க" என்று பயப்படாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்களைத் திருத்துவது சங்கத்தின் வேலை.

நம் சங்கம் எப்படித் தொடங்கியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கடைவீட்டு மாடியில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்திருந்த காலம். ஒருவர் மௌத்தானால் அடக்கச் செலவுக்கும், ஊரில் உள்ள மனைவிக்குப் பணம் அனுப்பவும் ஆளுக்கொரு வெள்ளி போட்டார்கள். அந்த உண்டியல்தான் பிறகு சங்கம் ஆனது. அன்றும் ஊருக்குப் போக முடியாது. தந்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த மாடியில் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர்தான் ஆறுதல். அப்படிப் பார்த்தால் நமக்கு வந்தது புதிய துக்கம் அல்ல. நம் நன்னாமார்கள் பழகிய துக்கம்தான். அவர்கள் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்துச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள்.

ஐம்பதாவது ஆண்டில் செயலவைக்கு என் வேண்டுகோள் இதுதான். 2020 முதல் 2022 வரை மௌத்து நடந்த உறுப்பினர் வீடுகளை ஒரு பட்டியல் எடுங்கள். இங்கே இறந்தவர், ஊரில் இறந்தவர், கொவிட்டால் இறந்தவர், வேறு விதமாக இறந்தவர் என்று பிரிக்க வேண்டாம். எல்லா வீட்டுக்கும் நாம் போவோம். கூட்டமாகப் போக வேண்டாம், இரண்டு இரண்டு பேராகப் போவோம். அன்று இரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது என்பதால் யாரும் போகவில்லை. இன்று அந்த இரண்டு பேராக நாமே இருப்போம். கையில் ஒரு சட்டி சோறு இருக்கட்டும். முதல் வீட்டுக்குப் போக நான் பெயர் கொடுக்கிறேன். என்னோடு வர இன்னொருவர் வேண்டும்.

நாலாம் மாடிப் பாட்டிக்கு இப்போதும் தினமும் ரொட்டி எடுத்து வைக்கிறேன்.

நம்மை முந்திச் சென்ற அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் மன்னித்து, அவர்களின் கபுரை விசாலமாக்கி, அவர்களைப் பிரிந்து வாடும் குடும்பங்களுக்கு ஆறுதலைத் தருவானாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.